பிள்ளைகளை வீட்டிலேயே வைத்து வளர்க்க: தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான ஆதரவுச் சேவைகளைப் பெறுவதற்கான முழுமையான வழிகாட்டி

உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒருவர் இறந்துவிட்டாலோ, விட்டுவிட்டுப் போய்விட்டாலோ, காரியம் முடிந்த கையோடு உறவினர்கள் கூடிப் பேசுவது பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றித்தான். "பெரியவனை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுவோம், சின்னவளை நீ வைத்துக்கொள்" என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். கையில் பணமில்லாத தாயோ பாட்டியோ அதற்கு மறுப்புச் சொல்ல முடியாமல் இருந்துவிடுவார். அந்தப் பேச்சு முடிவாக மாறுவதற்கு முன்னால் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதை வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டுமே எடுக்க வேண்டிய கடைசி நடவடிக்கை என்று அடிப்படைக் கோட்பாடாகவே வகுத்திருக்கிறது. வறுமை மட்டுமே காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் மாதாந்திர உதவித்தொகையும் பிற சேவைகளும் ஏற்படுத்தப்பட்டுள்ளன.

இந்தச் சேவைகள் ஒரே கூரையின்கீழ் இல்லை என்பதே குடும்பங்களுக்குள்ள பெரிய இடர்ப்பாடு. அங்கன்வாடி ஒரு துறை, சான்றிதழ்கள் வருவாய்த் துறை, உதவித்தொகை குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஊனத்துக்கான உதவி மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, சிகிச்சை மருத்துவத் துறை என்று ஐந்தாறு வாசல்களில் அவை பிரிந்து கிடக்கின்றன. எந்த வாசலை எப்போது தட்ட வேண்டும், கையில் என்ன தாளோடு போக வேண்டும் என்ற வரிசை தெரிந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: உடனடி ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

குழந்தை அடிபடுகிறது, பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாகியிருக்கிறது, வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தெருவில் தனியாக நிற்கிறது என்ற நிலைகளில் மனு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். 1996இல் மும்பையில் தொடங்கப்பட்ட இந்தச் சேவையை இப்போது அரசே நேரடியாக நடத்துகிறது. அவசர உதவி எண் 112 உடனும் அது இணைக்கப்பட்டுள்ளது. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். குழந்தையே அழைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், கடைக்காரர் யாரும் அழைக்கலாம். அழைப்பவர் தம் பெயரைச் சொல்ல விரும்பவில்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம். குழந்தையின் தோராயமான வயது, இப்போது இருக்கும் இடம், அருகிலுள்ள அடையாளம், என்ன நடந்தது, இந்த நிமிடத்தில் குழந்தை யாரோடு இருக்கிறது என்ற ஐந்தையும் தெளிவாகச் சொன்னால் உதவி விரைந்து வரும்.

பாலியல் குற்றமாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அதன்படி, குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். குடும்பங்கள் பெரும்பாலும் பின்வாங்குவது காவல்நிலையத்தை நினைத்துத்தான். ஆகவே அந்தச் சட்டம் குழந்தைக்குத் தரும் பாதுகாப்புகளை அறிந்துகொள்ளுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல்நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். அவசர சிகிச்சை தருவதற்கு முன் காவல்துறைக் கடிதமோ வேறு ஆவணமோ கேட்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. குழந்தையின் பெயர், பள்ளி, புகைப்படம் எதையும் வெளியிடுவது குற்றம் என்பதால், உதவும் எண்ணத்தில்கூட அவற்றை வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள்.

ஆபத்து தாய்க்கும் சேர்த்தே இருக்குமானால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆற்றுப்படுத்துதல் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும்.

இரண்டாம் படி: தாள்களைச் சரியான வரிசையில் எடுங்கள்

எனக்குத் தெரிந்தவரை விண்ணப்பங்கள் தேங்கிப்போவதற்குத் தகுதியின்மையைவிடத் தாள் குறைபாடே அடிக்கடி காரணமாகிறது. ஒரு சான்றிதழுக்கு இன்னொன்று ஆதாரமாக இருப்பதால், வரிசை மாறினால் இரண்டு முறை அலைய நேரிடும்.

இறப்பு நிகழ்ந்த வீட்டில் முதலில் பெற வேண்டியது இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டைக் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் ஆணை பெற வேண்டிய அளவுக்கு வேலை கூடிவிடும். பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். அடுத்தது வாரிசுச் சான்றிதழ். அதன் பிறகு குடும்ப அட்டையில் இறந்தவர் பெயரை நீக்கி, குடும்பத் தலைவர் பெயரை மாற்ற வேண்டும். இவை முடிந்த பின்னரே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நல்லது. கணவர் உயிரோடு இருந்தபோது எடுத்த பழைய சான்றிதழில் அவருடைய ஊதியமும் சேர்ந்திருக்கும். அதைக் கொடுத்தால் வரம்பைத் தாண்டிய வருமானம் என்று மனு தள்ளுபடியாகும். இப்போதைய வருமானத்தைக் காட்டும் புதிய சான்றிதழ்தான் தேவை.

கணவர் இறந்து ஆதரவின்றி நிற்பவருக்கு ஆதரவற்ற விதவைச் சான்றிதழும், கணவர் விட்டுச் சென்றவருக்குக் கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழும் உண்டு. இந்த வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கெல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். விண்ணப்ப எண் அச்சிட்ட ரசீதைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பியிருந்தால், கைப்பேசி மாறும்போது தடமே இல்லாமல் போய்விடும்.

இந்தத் தாள்கள் கைக்கு வந்ததும் பெரியவர்களுக்கு உரியதையும் கேளுங்கள். ஆதரவற்ற விதவை, கணவரால் கைவிடப்பட்ட பெண், முதியோர் ஆகியோருக்கான மாத ஓய்வூதியம் 2023 முதல் 1,200 ரூபாயாக உள்ளது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கு அந்தத் தொகையும் குழந்தைக்கான ஆதரவுதான். வருவாய் ஈட்டிய தாயோ தந்தையோ விபத்தில் இறந்திருந்தால், அல்லது நிரந்தரமாக முடங்கியிருந்தால், அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகையாகத் தரும் திட்டம் ஒன்றும் உண்டு. அதற்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இது தெரியாமலே பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறது.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரின்றிப் பதிவான பிறப்பில் ஓராண்டு வரை கட்டணமின்றியும், அதன் பிறகு சிறு கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம்.

மூன்றாம் படி: தெருவிலேயே இருக்கும் சேவைகளிலிருந்து தொடங்குங்கள்

மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறுவதற்கு முன், பால்வாடி என்று நாம் பேச்சில் சொல்லும் அங்கன்வாடிக்குப் போங்கள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையங்களில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் சேவை உண்டு. வருமான வரம்பு கிடையாது. வெளியூரிலிருந்து செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் குடும்பமும் தான் இப்போது தங்கியிருக்கும் இடத்து மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சத்துமாவு, சூடான மதிய உணவு, முட்டை, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றுக்கு இணையாக முக்கியமானது மாதாந்திர எடைப் பதிவு. வளர்ச்சி அட்டையில் பிள்ளையின் கோடு எந்த நிறத்தில் போகிறது என்று பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, இரு பாதங்களிலும் வீக்கம் இருந்தாலோ, அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு; உடனே மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டும்.

கர்ப்பிணியாக இருப்பவர் கிராமச் செவிலியரிடம் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கும். அதில் 14,000 ரூபாய் ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைக்கு அடுத்த வாசல் பள்ளி. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆக, பாட்டியின் அடுப்பு இரண்டு வேளைக்குப் பிள்ளைகளுக்காக எரிய வேண்டியதில்லை. படிப்பு நின்று போன பிள்ளையைச் சேர்க்கும்போது, வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்கவும் வேண்டும். மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

வகுப்பாசிரியரிடம் வீட்டு நிலையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தந்தையை இழந்த பிள்ளை பாடத்தில் பின்தங்குவதையும் முரண்டு பிடிப்பதையும், விவரம் தெரிந்த ஆசிரியர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

ஊர் அளவில், ஊராட்சித் தலைவர் தலைமையில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும் என்பது விதி. சில ஊர்களில் அது உயிரோடு இருக்கிறது. சில ஊர்களில் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. உங்கள் ஊரில் எந்த நிலையில் இருந்தாலும், கிராம சபையில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று ஒருவர் எழுந்து கேட்டால் அது கூடத் தொடங்கும். மகளிர் சுய உதவிக் குழுவிலுள்ள பெண்கள் இதைக் கேட்பதற்கு மிகவும் பொருத்தமானவர்கள்; எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நான்காம் படி: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த அலகு உண்டு. பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதன் அருகிலோ இருக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர்கள், நன்னடத்தை அலுவலர், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் ஆகியோர் பணியாற்றுகிறார்கள். அவர்களில் நீங்கள் பார்க்க வேண்டியவர், நிறுவனம் சாராப் பராமரிப்புக்கான, அதாவது பிள்ளையை இல்லத்தில் சேர்க்காமல் குடும்பத்திலேயே வைத்து வளர்ப்பதற்கான, பாதுகாப்பு அலுவலர். இந்தப் பதவிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சரியான மேசைக்குப் போய்ச் சேரலாம்.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் நிதி ஆதரவு உதவித்தொகை, தகுதியுள்ள ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த, மணமுறிவு பெற்ற, அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள். உயிருக்கு ஆபத்தான நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகள். உடலாலோ பொருளாலோ பிள்ளையைப் பராமரிக்க இயலாத நிலையிலுள்ள பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோர் இதற்குத் தகுதியுடையவர்கள். குழந்தைத் தொழிலிலிருந்தும் குழந்தைத் திருமணத்திலிருந்தும் மீட்கப்பட்டவர்கள் போன்று, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளாகச் சட்டம் வகைப்படுத்தியவர்களும் இதில் அடங்குவர். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாயையும், நகர்ப்புறத்தில் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது.

இதோடு, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத அல்லது கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15இல் தொடங்கியது. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை அலகிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் படிப்பதற்கான சான்று, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், இறப்பு அல்லது கைவிடப்பட்டோர் சான்றிதழ், நோய் காரணமானால் மருத்துவ ஆவணங்கள், குழந்தையின் பெயரில் பாதுகாவலரோடு சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இரண்டு தொகுதிகளாக எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம்.

மனுவை எப்படி எழுதுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். குடும்பத்தின் துயரக் கதையை நான்கு பக்கத்துக்கு எழுத வேண்டாம். குழந்தையை முன்னிறுத்தி, நடந்ததையும் கேட்பதையும் தெளிவாக எழுதினால் போதும். இந்த மாதிரியை உங்கள் விவரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

"ஐயா / அம்மா, என் மகனும் மருமகளும் இறந்துவிட்ட நிலையில், ஏழாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் படிக்கும் இரண்டு பேரப்பிள்ளைகளை நான் வளர்த்து வருகிறேன். எனக்கு வயது 64. நூறு நாள் வேலையும் முதியோர் ஓய்வூதியமும் தவிர வேறு வருமானம் இல்லை. பிள்ளைகள் இருவரும் என்னுடனேயே இருக்க விரும்புகிறார்கள். பள்ளிக்கும் தவறாமல் சென்று வருகிறார்கள். அவர்களை இல்லத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க, மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு உதவித்தொகை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சான்றிதழ்களின் நகல்களை இணைத்துள்ளேன்."

பிள்ளைகள் யாரோடு இருக்க விரும்புகிறார்கள் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். குழந்தையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கோட்பாடுகளில் ஒன்று.

மனுவைக் கொடுத்ததும் ஒப்புதல் ரசீதையோ, நகலில் தேதியுடன் கூடிய முத்திரையையோ பெறுங்கள். அதன் பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, பிள்ளையிடமும் பாதுகாவலரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் பேசி, சமூக விசாரணை அறிக்கை தயாரிப்பார். இதைச் சோதனை என்று நினைத்து வீட்டை ஒழுங்குபடுத்தி, இருப்பதை மறைத்து, இல்லாததைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஓட்டு வீடு ஒழுகுகிறது என்பதும் பிள்ளையின் புத்தகங்கள் மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் இருக்கின்றன என்பதும் அறிக்கையில் வர வேண்டிய செய்திகள். பிறகு நிதி ஆதரவு மற்றும் வளர்ப்புப் பராமரிப்பு ஒப்புதல் குழு கூடி முடிவெடுக்கும். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருக்க நேரிடலாம் என்பதால், மாதம் ஒருமுறை ரசீது எண்ணைச் சொல்லி நிலையைக் கேட்டு வாருங்கள்.

நெடுநாள் பதில் இல்லை என்றால், திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், பழைய ரசீதின் நகலோடு மனுக் கொடுங்கள். அது கணினியில் பதிவாகி உரிய துறைக்குப் போகும். முதல்வரின் முகவரி உதவி எண் 1100இலும் முறையிடலாம். அதற்கும் அசையாவிட்டால், "என் மனுமீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் விவரம்" கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்கலாம். வாக்குவாதத்தைவிட இந்த மூன்று தாள்களுக்கு வலிமை அதிகம். பணம் வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

குழந்தைகள் நலக் குழுமுன் செல்ல நேர்ந்தால்

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யாரோடு இருப்பது நல்லது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள குழந்தைகள் நலக் குழுவுக்கு இருக்கிறது. தலைவரோடு நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண். நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு என்றாலும், இங்கே கூண்டு இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமுன் நிறுத்த வேண்டும். உறவினர் யாராவது பிள்ளையைப் பொறுப்பேற்க முன்வந்தால், முதல் அமர்வுக்கே அடையாள ஆவணங்களோடு போய் அதைச் சொல்லிவிடுவது நல்லது. தாமதித்தால் அதுவரை பிள்ளை இல்லத்தில் இருக்க நேரிடும்.

பெற்ற குழந்தையை வளர்க்கவே முடியாது என்ற நிலையிலுள்ள தாயும் இந்தக் குழுமுன்தான் வர வேண்டும். ஒப்படைத்த பின்னும் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் சட்டப்படி உண்டு. மருத்துவமனை வாசலில் பணம் பேசிக் குழந்தையைக் கைமாற்றுவது, கொடுப்பவர் வாங்குபவர் இருவருக்குமே குற்றம். குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தையின் தத்தெடுப்பு மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையப் பதிவு வழியாக மட்டுமே நடக்கும்.

ஐந்தாம் படி: வளர்ச்சித் தாமதமோ ஊனமோ இருந்தால்

"ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்" என்ற வீட்டுப் பெரியவர்களின் ஆறுதலால் வீணாகும் மாதங்களைத் திரும்பப் பெற முடியாது. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், காத்திருக்காமல் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயங்கும் இந்த மையங்களில் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் சேவை கட்டணமின்றிக் கிடைக்கும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும்போது பிள்ளையைத் தவறாமல் காட்டுங்கள். பிறவி இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சைக்கும் அவர்கள் வழிகாட்டுவார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. பெரும்பாலான உதவிகளுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் தேவை. அறிவுசார் குறைபாடு, கடும் ஊனம் உள்ளிட்ட சில வகையினருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். புற உலகச் சிந்தனையின்மை (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்கு வகையினருக்கும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பேச்சுப் பயிற்சி போன்ற தொடர் சிகிச்சைச் செலவுகளையும் அது ஏற்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்; பள்ளிக்கு வரவே இயலாத பிள்ளைக்கு வீடு தேடி வந்து பயிற்சி தரவும் ஏற்பாடு உண்டு. இதைக் கேட்டுப் பெறாத குடும்பங்கள் மிகுதி என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

இத்தகைய பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு உறக்கமும் ஓய்வும் இல்லாமல் போவதை வீட்டார் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு மிகுந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லாதபோது

சில குழந்தைகளுக்கு வீடே ஆபத்தான இடமாக இருக்கும். அப்போது இல்லம் தேவைதான். ஆனால் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்றி எந்த இல்லமும் இத்தகைய குழந்தையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. "பிள்ளைகளை நாங்களே அழைத்துக்கொண்டு போய்ப் படிக்க வைக்கிறோம்" என்று ஊருக்குள் வந்து சேர்க்கை நடத்துபவர்களிடம் இளைஞர் நீதிச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றைக் கேளுங்கள். பதிவில்லாமல் இல்லம் நடத்துவதற்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டும் சேர்ந்தோ விதிக்கப்படலாம். சந்தேகம் வந்தால் 1098க்குச் சொல்லுங்கள். படிப்புக்கான தங்குமிடம் மட்டுமே தேவை என்றால், அரசின் சமூகநீதி விடுதிகள் வேறு வகை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துபோகலாம். பிள்ளை விடுதியில் சேர்ந்தால் மிஷன் வாத்சல்யா உதவித்தொகை நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொண்டு முடிவெடுங்கள்.

சட்ட உதவிக்குச் செலவில்லை

ஜீவனாம்சம், பிள்ளையின் பொறுப்புரிமை, கணவர் வீட்டிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமை ஆகியவற்றுக்காக நீதிமன்றம் போக வேண்டியவர் வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்து நின்றுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உதவி கிடைத்த பிறகு செய்ய வேண்டியவை

உதவித்தொகை வரத் தொடங்கியதும் பள்ளி வருகைப் பதிவைக் கவனியுங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைத் தவிர மற்றவர்கள் 30 நாட்களுக்கு மேல் ஒழுங்கின்றிப் பள்ளிக்கு வராவிட்டால் தொகை நிறுத்திவைக்கப்படலாம். நோயால் வராவிட்டால் மருத்துவச் சான்றை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வீடு மாறினாலும், பள்ளி மாறினாலும், வங்கிக் கணக்கு மாறினாலும் அலகுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குடும்ப நிலை ஆண்டுதோறும் மறு ஆய்வுக்கு வரும் என்பதால், வருமானச் சான்றிதழைப் புதுப்பித்து வையுங்கள்.

18 வயது நிறையும்போது உதவித்தொகை நின்றுவிடும். அதற்குள் உயர்கல்விக்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் பெண்களுக்குப் புதுமைப் பெண் என்றும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்றும் உள்ளன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டுள்ளனர். இல்லத்தில் வளர்ந்து வெளியே வருபவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி உண்டு. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது ஆனதும், பெற்றோரே ஆனாலும் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் சட்டபூர்வப் பாதுகாவலர் சான்றிதழ் பெற வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். பதினேழு வயதிலேயே அதற்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.